இருபத்துமூன்று நாள் நீர்மட்டம்

ஜெபஷீலா வேலை பார்த்த கல்லூரி உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அங்கே இரண்டு புதுப் பட்டப்படிப்புகளை ஒரே நாளில் தொடங்கினார்கள். ஒன்று கணினி வலையமைப்பு. மற்றது இயற்கை வள மேலாண்மை. இரண்டுக்கும் ஒரே வராந்தா. இந்தப் பக்கம் ஏசி போட்ட ஆய்வகம், கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் மண் நிரப்பிய பாட்டில்கள், மழை அளக்கும் கருவி, மூலையில் சேறு காய்ந்த ஷூக்கள்.

பெற்றோர்கள் கேட்டு வந்ததெல்லாம் நெட்வொர்க்கிங்தான். அதில் இடம் நிரம்பிய பிறகு, மார்க் குறைந்த பிள்ளைகளிடம் இதுவும் நல்ல படிப்புதான் என்று சொல்லி எதிர்ப்பக்கம் அனுப்பினார்கள். மாணவர்கள் அதற்கு மண்ணு டிபார்ட்மெண்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். வலையமைப்புத் துறையின் தலைவியான ஜெபஷீலா அந்தப் பெயரைத் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது சிரித்திருக்கிறாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ராயப்பன்பட்டியில் வாத்தியாராக இருந்த அருளப்பனின் மகள். கணவன் சேவியர் கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருந்தான். வகுப்பில் அவள் கண்டிப்பானவள். ஒரு மாணவன் செய்முறைப் பயிற்சியில் வந்த விடையைப் பக்கத்துப் பையனிடமிருந்து பார்த்து எழுதினால், வந்த விடை சரியாகவே இருந்தாலும், முதலிலிருந்து செய்ய வைப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சொர்ணலதா எதிர்ப்பக்கத்து மாணவி. சுருளிப்பட்டிக்காரி. அவளுடைய அம்மா இருளம்மாள் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை பார்ப்பவள். முதல் வருடம், முதல் வாரத்தில், சொர்ணலதா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தனக்கு நெட்வொர்க்கிங்குக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். ஜெபஷீலா அவளுடைய மார்க்கைப் பார்த்துவிட்டு முடியாது என்றாள். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போன பெண், பிறகு அந்தக் கதவுப் பக்கம் வரவில்லை. இரண்டாம் வருடத்துக்குள் சுருளிப்பட்டி வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரில் அவற்றைப் போர் என்பார்கள். கல்லூரி அவற்றுக்கு எண் கொடுத்திருந்தது. சொர்ணலதா மட்டும் சொந்தக்காரர் பெயரைச் சொல்லித்தான் பேசுவாள்.

கல்லூரி எண் கொடுத்ததற்குக் காரணம் இரண்டு துறைகளும் சேர்ந்து செய்த ஒரு திட்டம். சுருளிப்பட்டியில் பன்னிரண்டு போர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் கேபிளில் கட்டிய ஒரு கருவியை உள்ளே இறக்கி, மோட்டார் ரூம் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். பெட்டி மணிக்கு ஒரு தடவை நீர்மட்டத்தைக் கல்லூரிக் கணினிக்கு அனுப்பும். இது வலையமைப்பு மாணவர்களின் வேலை. இயற்கை வள மாணவர்கள் வியாழக்கிழமைதோறும் நேரில் போய், தண்ணீரைத் தொட்டதும் பீப் அடிக்கும் நீளமான டேப்பைப் போருக்குள் இறக்கி, எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். பெட்டி சொல்வது சரியா என்று பார்ப்பதற்குத்தான் டேப். ஆனால் ஆறு மாதத்தில் எல்லோரும் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். பெட்டியோடு ஒத்துப்போனால் பிள்ளைகள் ஒழுங்காக அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமைகளில் பெட்டிகளின் வரைபடம் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். போருக்குள் எட்டிப் பார்த்துத் தண்ணீரைக் காண முடியாது. மோட்டார் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அந்த வரைபடத்தைப் பலர் நம்பினார்கள். ஏழாம் எண் போரின் சொந்தக்காரர் தங்கப்பாண்டியன் ரொம்பவே நம்பினார். மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருந்த அவர், ஜெபஷீலாவை எங்கே பார்த்தாலும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வணக்கம் சொல்வார்.

பிப்ரவரி பதினாறாம் தேதி ஏழாம் எண் பெட்டி பேசாமல் போனது. எலி கேபிளைக் கடித்திருந்தது. புதுக் கேபிளுக்குக் கோயம்புத்தூரில் சொல்லியிருந்தார்கள், வந்து சேரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மார்ச் பதினொன்றாம் தேதி பல்கலைக்கழகக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. இரண்டு படிப்புகளையும் தொடரலாமா என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். வலையமைப்புத் துறை காட்டுவதற்கு வைத்திருந்த பெரிய சாதனை இந்தத் திட்டம்.

பத்தாம் தேதி மத்தியானம், மாணவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஜெபஷீலா வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினொன்று முழுசாக இருந்தன. ஏழாம் எண்ணில் இருபத்துமூன்று நாள் வெறுமையாகக் கிடந்தது. வாட்ஸ்அப்பில் கூட அந்த மூன்று வாரமாக ஏழாம் எண்ணை விட்டுவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அவள் பக்கத்திலிருந்த ஆறாம் எண்ணையும் எட்டாம் எண்ணையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் பெரிய மாற்றமில்லை. ஏழிலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கடைசியாக வந்த அளவு நூற்றுப் பத்து அடி. அதிலிருந்து நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பதினொன்றரை, நூற்றுப் பன்னிரண்டு என்று நிரப்பினாள். ஒரே சீராக இருந்தால் சந்தேகம் வருமென்று இடையிடையே அரை அடி ஏற்றி இறக்கினாள். பத்து நிமிடம் ஆனது. கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை. இது பின்னாளில் அவளுக்குப் பல தடவை நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தயிர்சாதம் அவளுக்கு ருசியாகவே இருந்தது.

மறுநாள் கருத்தரங்க அறையில் குழுவினர் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே முதல்வர், பின்வரிசைகளில் இரண்டு துறை மாணவர்கள். ஜெபஷீலா திரையில் பன்னிரண்டு வரைபடங்களையும் காட்டினாள். குழுவில் வயதான பேராசிரியர் ஒருவர் பாராட்டிவிட்டு, கையால் அளந்த நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். இயற்கை வளத் துறையில் பாடம் நடத்தும் மாரிசெல்வம் எடுத்துக் கொடுத்தான். அவன் ஒப்பந்த அடிப்படையில் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தான். பேராசிரியர் பக்கங்களைப் புரட்டி ஏழாம் எண்ணில் நின்றார். பெட்டி நூற்றுப் பதினொன்று என்கிறது, நோட்டில் பிப்ரவரி பத்தொன்பதில் நூற்றுப் பதினெட்டு, இருபத்தாறில் நூற்று இருபத்தாறு, மார்ச் ஐந்தில் நூற்று முப்பத்து மூன்று என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டார்.

அறை முழுக்க அவளைப் பார்த்தது. நோட்டை ஜெபஷீலா முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றக்கூட இல்லை. அந்தக் கணத்தில், பெட்டி அப்போது வேலை செய்யவில்லை, நடுவில் நான் நிரப்பினேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வேறு வாக்கியம் வந்தது.

"கையால அளக்குறப்ப மோட்டார் ஓடிட்டிருந்தா மட்டம் கீழதான் சார் காட்டும். அதோட, பிள்ளைங்க சில சமயம் நேர்ல போகாமலேயே எழுதிர்றதும் உண்டு."

பேராசிரியர் தலையசைத்தார். அளந்தது யார் என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து சொர்ணலதா எழுந்தாள்.

"நான் போனேன் சார்" என்றாள். பிறகு ஜெபஷீலாவின் பக்கம் திரும்பி, "நான் போனேன் மேடம்" என்றாள்.

வலையமைப்பு மாணவர்கள் சிலர் சிரித்தார்கள். மாரிசெல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல்வர் அவளை உட்காரச் சொன்னார். குழு போன பிறகு சொர்ணலதாவின் களப்பணி மதிப்பெண்ணை நிறுத்தி வைத்தார்கள். விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும், மூன்று மாதம் மறுபடியும் அளக்க வேண்டும் என்று உத்தரவானது. அன்றைக்கே பன்னிரண்டு வரைபடங்களும் முழுசாக விவசாயிகளின் குழுவுக்குப் போயின.

அடுத்த வாரம் கேபிள் வந்தது. சுருளிராஜன் என்ற மாணவன் போய் மாட்டிவிட்டு வந்தான். ஜெபஷீலா ஆய்வகத்தில் திரைமுன் காத்திருந்தாள். ஏழாம் எண்ணிலிருந்து வந்த முதல் அளவு நூற்று நாற்பத்தொன்று. மோட்டார் ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்ததும் நூற்று நாற்பத்தொன்று. அன்று மாலைவரை அதேதான் வந்தது. பிப்ரவரியில் பக்கத்துத் தோப்புகளில் இரண்டு புது போர்கள் இறங்கியிருந்தன என்பதை அவள் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். சொர்ணலதா அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்லிவிடலாம் என்று ஜெபஷீலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புது அளவுகள் வரைபடத்தில் திடீரென்று விழுவது போலத் தெரிந்ததால், ஏழாம் எண்ணைப் பழுது என்று குறித்து, விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து எடுத்தாள்.

மார்ச் கடைசியில் சொர்ணலதா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடத்தில் இது இரண்டாம் தடவை. விளக்கக் கடிதம் எழுதுவதற்கு ஏழாம் எண் பெட்டியின் பதிவு வேண்டும் என்றாள்.

"பெட்டி அனுப்புனது அப்படியே ஒரு எடத்துல பதிவாகும்னு சுருளிராஜன் சொன்னான் மேடம். அந்த இருபத்துமூணு நாளுது மட்டும் குடுத்தீகன்னா நான் எங்க தப்பா அளந்தேன்னு பாத்துக்கிருவேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே தான் எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் இன்னும் பாதி நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவுகளையெல்லாம் மாதாமாதம் அழித்துவிடுவோம், இப்போது இல்லை என்று ஜெபஷீலா சொன்னாள். சொர்ணலதா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவள் கதவைத் தாண்டும் முன்னமே ஜெபஷீலா அந்தப் பதிவைத் திறந்திருந்தாள். இருபத்துமூன்று நாளும், மணிக்கு ஒரு வரியாக, தொடர்பு இல்லை, தொடர்பு இல்லை என்று ஓடியது. அதை அழித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வீட்டில் சேவியர் உடம்புக்கு என்ன என்று கேட்டான். பரீட்சை வேலை என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, தன் முறை வருவதற்குள் விலகி வந்துவிட்டாள். சாமியாரிடம் சொல்வது சுலபம். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதானே அங்கே போய் நிற்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மே மாதம் இரண்டாம் வாரம், பெட்டிகளைச் சரிபார்க்கச் சுருளிராஜனோடு சுருளிப்பட்டிக்குப் போனாள். தங்கப்பாண்டியன் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பந்தலில் முன்பக்கத்து ஒரு ஏக்கர் மட்டும் பச்சையாக இருந்தது. மற்ற இரண்டு ஏக்கரில் இலை ஓரம் கருகி, பிஞ்சுக் குலைகள் மிளகு மாதிரி சுருங்கித் தொங்கின. மோட்டார் காலையில் இருபது நிமிடம் இழுத்துவிட்டுக் காற்றைக் கக்குகிறது என்றார். தண்ணீர் ஒரு ஏக்கருக்குத்தான் எட்டுகிறது. மார்ச் கடைசியில் மூன்று ஏக்கருக்கும் ஒன்றாகக் கவாத்து வெட்டியிருந்தார். கொடியை வெட்டிவிட்டால் பிறகு நாலு மாதத்துக்கு அது தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முன்பே தெரிந்திருந்தால் பாதியோடு நிறுத்தியிருப்பீர்களா என்று ஜெபஷீலா கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"பெட்டி நல்லபடியாத்தேன் சொல்லுச்சு டீச்சர். அதக் கொற சொல்லக் கூடாது" என்றார் தங்கப்பாண்டியன். "பூமிதேன் ஏமாத்திருச்சு."

பச்சையாக இருந்த பக்கத்திலிருந்து ஒரு காய்க்குலையைக் கிள்ளி வந்து, இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அவள் கையில் வைத்தார். சுருளிராஜனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றதும், வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று வற்புறுத்தினார். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் குடிக்க முடியாமல் நின்றாள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சுருளிராஜன் பக்கத்தில் நிற்கிறானே என்று ஒரு சாக்கு கிடைத்தது.

மறுநாள் முதல்வரிடம் போய்ச் சொன்னாள். நிரப்பியதை மட்டும் சொன்னாள், அழித்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குழுவின் அறிக்கை வந்துவிட்டது, இரண்டு படிப்புக்கும் மூன்று வருடம் அனுமதி கிடைத்துவிட்டது, இப்போது இதைக் கிளப்பினால் நூற்று இருபது பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டார். அந்தப் பெண் மறுபடி அளந்துகொண்டுதானே இருக்கிறாள், ஜூனில் மார்க் போட்டுவிடலாம் என்றார். கோபப்படவில்லை. லீவு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ரெஸ்ட் எடுங்கள் மேடம் என்றார். வெளியே வந்தபோது ஜெபஷீலாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததுதான் அவளை அதிகமாகக் குன்ற வைத்தது. யாராவது தடுப்பார்கள் என்று நம்பித்தான் அவரிடம் போயிருக்கிறோம் என்று பட்டது.

அன்று மாலை சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழித்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று மட்டும் அவன் கேட்டான். தெரியாது என்றாள். அவன் எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை காலையில் கல்லூரிக் கணினியில் ஒரு கடிதம் அடித்து எடுத்துக்கொண்டு தனியாகச் சுருளிப்பட்டிக்குப் போனாள். தங்கப்பாண்டியன் தோட்டத்தில் சொர்ணலதா இருந்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு, போர்வாயில் குனிந்து டேப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். தங்கப்பாண்டியன் வாய்க்கால் ஓரம் காய்ந்த கொடிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஜெபஷீலா இருவரையும் கூப்பிட்டாள். உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"அந்த நம்பர் பெட்டி சொன்னது இல்ல. பெட்டி அப்ப வேலை செய்யல. நான் எழுதுனது. சொர்ணலதா அளந்ததுதான் சரி."

தங்கப்பாண்டியனுக்கு முதலில் விளங்கவில்லை. எழுதினதென்றால் என்ன என்று கேட்டார். எதையும் பார்க்காமல் தானாகவே போட்டது என்று ஜெபஷீலா விளக்கினாள். அவர் கையிலிருந்த கொடியைக் கீழே போட்டார். அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. சொர்ணலதாவின் பக்கம் திரும்பினார்.

"கவாத்துக்கு மொத நா நீ வந்து பாதிய நிப்பாட்டுங்கன்னு சொன்ன. நான் என்ன சொன்னேன் ஆத்தா?"

"அத விடுங்கய்யா" என்றாள் சொர்ணலதா.

"கூலிக்காரி மக எனக்குத் தண்ணி பாக்க வந்துட்டாளான்னு கேட்டேன். போன எடுத்துக் காட்டுனேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஜெபஷீலாவிடம், குரலை உயர்த்தாமல், "பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போயிருங்க டீச்சர்" என்றார். பச்சையாக இருந்த ஏக்கருக்குள் நடந்து போய்விட்டார்.

மோட்டார் ரூமில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. ஜெபஷீலா பெட்டியைக் கழற்றினாள். நாலு ஸ்க்ரூ. மூன்றாவது துருப்பிடித்து நகரவில்லை. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே டேப் சுற்றும் சத்தம் கேட்டது. உதவிக்கு வா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. சொர்ணலதாவும் வரவில்லை. கையைக் கீறிக்கொண்டு ஒருவழியாகக் கழற்றி முடித்து, வெளியே வந்து கடிதத்தை நீட்டினாள்.

சொர்ணலதா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள். தவிர்க்க இயலாத சூழலில் தரவுப் பதிவில் தவறு நேர்ந்துவிட்டது, அதனால் மாணவியின் அளவீடுகள் பற்றித் தவறான கருத்து ஏற்பட்டது என்று அங்கே இருந்தது.

"நேரல மேடம்" என்றாள். "நீங்க செஞ்சீக."

சொர்ணலதாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"கருத்தும் ஏற்படல. நான் போகாம எழுதிட்டேன்னு நீங்க சொன்னீக. அத்தன பேரு முன்னால சொன்னீக. எங்கம்மா காதுக்கு அது வந்துச்சு. போகாமத்தேன் எழுதுனியான்னு என்னயக் கேட்டுச்சு."

குரல் அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் லேசாக உடைந்தது. உடனே சரியாக்கிக்கொண்டாள். தன் களநோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கொடுத்தாள்.

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஜெபஷீலா கையால் எழுதினாள். எழுதுவது கடினமாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் வாக்கியம் தானாகவே நழுவி, ஆள் இல்லாத வாக்கியமாக மாறப் பார்த்தது. நிறுத்தி நிறுத்தி, நான் என்று ஆரம்பித்தாள். நான் பார்க்காமல் நிரப்பினேன். நான் சொர்ணலதா மீது பொய்ப்பழி சொன்னேன். பெட்டி சரியானதும் அவள் அளவுதான் சரி என்று எனக்குத் தெரியவந்தது, நான் மறைத்தேன். அவள் பதிவைக் கேட்டு வந்தபோது இல்லை என்றேன். பிறகு நான் அதை அழித்தேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

சொர்ணலதா வாங்கிப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது தெரியாது.

"நான் வந்து கேட்டுட்டுப் போன பெறகா?"

"ஆமா."

"அன்னைக்கேவா?"

"நீ கதவத் தாண்டுறதுக்குள்ள" என்றாள் ஜெபஷீலா.

சொர்ணலதா தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள். கீழே கிடந்த டேப்பை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்த போர் இருந்த திசையில் வரப்பில் நடந்து போனாள். ஏதாவது சொல்வாள் என்று ஜெபஷீலா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு தானும் ரோட்டுக்கு நடந்தாள்.

அந்தக் கடிதத்தைச் சொர்ணலதா முதல்வரிடம் கொடுக்கவில்லை. நகல் எடுத்து, மாரிசெல்வத்தையும் கையெழுத்துப் போட வைத்து, நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். மாரிசெல்வம் கையெழுத்துப் போடும்போது, அன்றைக்குக் கருத்தரங்க அறையில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னானாம். அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவனே ஜெபஷீலாவிடம் சொன்னான்.

ஜூலையில் உத்தரவு வந்தது. சொர்ணலதாவுக்கு முழு மதிப்பெண். இரண்டு படிப்புக்கும் கிடைத்த அனுமதி மூன்று வருடத்திலிருந்து ஒரு வருடமாகக் குறைந்தது. திட்டத்தை நிறுத்தினார்கள். ஜெபஷீலாவைத் துறைத் தலைவி பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, பாடம் மட்டும் நடத்தச் சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்பாததற்குக் காரணம் பாதியில் வேறு ஆள் கிடைக்காததுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல்வர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வலையமைப்பு மாணவர்களுக்கு அவள் மேல் கோபம். அந்தத் திட்டத்தை வைத்து வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவர்கள் இருந்தார்கள். என்னத்துக்கு மேடம் இப்பப் போய்ச் சொன்னீங்க என்று சுருளிராஜன் ஒருநாள் நேராகவே கேட்டான். அவன் வெயிலில் எத்தனை தடவை அந்தப் போர்களுக்கு அலைந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். அவனிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தங்கப்பாண்டியனைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தாள். அவரும் பார்த்தார். அவள் கை கூப்பினாள். அவர் தலையை லேசாக அசைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

புதுக் கல்வியாண்டில் இரண்டு துறைக்கும் பொதுவாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். களத்தில் எடுத்த அளவுகளைக் கணினியில் சேர்ப்பது, பாதுகாப்பது பற்றியது. வேறு ஆள் இல்லாததால் அதை ஜெபஷீலாதான் நடத்த வேண்டியிருந்தது. முதல் நாள் அவள் வருகைப் பதிவேட்டோடு வகுப்புக்குள் நுழைந்தாள். சொர்ணலதா இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் எழுந்து வணக்கம் சொன்னாள். மற்றவர்கள் சொன்ன அதே மாதிரி சொன்னாள்.

ஜெபஷீலா பாடத்தை ஆரம்பித்தாள். கம்பம் பள்ளத்தாக்கின் சராசரி மழையளவை எடுத்துக்காட்டாகப் போர்டில் எழுதினாள். சொர்ணலதா கை தூக்கினாள்.

"அது எங்க இருந்து எடுத்தது மேடம்?"

பின்னால் யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள். ஜெபஷீலாவுக்குக் காது மடல் சுட்டது. பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பழி தீர்க்கிற முகமாகத் தெரியவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். பல வருடமாக எடுத்துக்காட்டுக்குச் சொல்லி வந்த எண் அது. ஒரு பழைய பாடப்புத்தகத்தில் பார்த்ததாக ஞாபகம், எந்தப் புத்தகம் என்று நினைவில்லை.

"தெரியல" என்றாள் ஜெபஷீலா. "பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

"சரிங்க மேடம்" என்று சொர்ணலதா உட்கார்ந்தாள்.

ஜெபஷீலா போர்டின் பக்கம் திரும்பி அந்த எண்ணை அழித்தாள். முகம் ஆறும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பாடத்தைத் தொடர்ந்தாள்.